ஒளிச்சீப்பு

கூந்தலை வாரிச் சீர்ப்படுத்தும் சீப்பினை அறியாதார் இலர். அதன் பற்கள் ஒத்த இடைவெளி உடையனவாய் வரிசையாக நிற்கும். ஒளியினாலும் இத்தகையதொரு சீப்பினை அறிவியலார் ஆக்கியுள்ளனர். அதற்கு ஒளிச்சீப்பு என்பது பெயர். அதிர்வெண்ணால் வேறுபட்ட ஒளிக்கதிர்களே அதன் பற்களாகும்.

அதன் பயனை உணர்வதற்குச் செய்தி செல்லும் வழியை முதற்கண் அறிதல் வேண்டும். தொலைபேசிப் பேச்சும் இணையத்தில் காணும் படமும் இக்காலத்தில் மெல்லிய கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாக விரைகின்றன. அகச்சிவப்பு ஆதலின் அவ்வொளி கண்ணுக்குப் புலனாகாது. அதிர்வெண் வேறுபட்ட பல கதிர்களை ஓர் இழையில் ஒருங்கே செலுத்தலாம். ஒவ்வொரு கதிரும் தனித்தனிச் செய்தியைச் சுமந்து செல்லும்.

ஒவ்வொரு கதிருக்கும் ஒரு லேசர் வைத்தலே பெருவழக்கு. தனித்தனி லேசர்களின் அதிர்வெண் வெப்பம் முதலியவற்றால் சிறிது பிறழும். கட்டின்றிச் செல்லும் எருதுகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க இடம் விட்டு ஓட்டுவர் அன்றோ? அதுபோலக் கதிர்களுக்கிடையேயும் இடம் விடுதல் வேண்டும். அவ்விடம் செய்தி எதனையும் சுமவாது வீணாகிறது.

ஒளிச்சீப்போ ஒரே லேசரிலிருந்து பிறப்பது. சிறு சில்லில் அமைந்த நுண்ணிய வளையத்துள் லேசர் ஒளி புகுந்து, பன்முறை சுழன்று வலிமை பெறுகிறது. அவ்வலிமை மிக்க ஒளி வளையத்தின் பொருளில் விளைக்கும் மாற்றத்தால், புதிய அதிர்வெண்கள் ஒத்த இடைவெளியில் தோன்றுகின்றன. ஒரே நுகத்திற் பூட்டிய எருதுகளைப் போல அவை தம் இடைவெளி மாறாது நிற்கும். ஆதலின் அவற்றை நெருக்கமாக அமைத்தல் இயலும்.

ஒளியின் அதிர்வெண்ணை அளக்கும் கோலாகவே இச்சீப்பு முதலிற் போற்றப்பட்டது. அதனை வளர்த்த ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஹென்ஷும் அமெரிக்க அறிஞர் ஜான் ஹாலும் 2005ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

அளவுகோலாய் இருந்தது பின்னர்ச் செய்தி சுமக்கவும் பழகிற்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், முன்னரே நிலத்திற் புதைக்கப்பட்டிருந்த 75 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இழையில் ஆய்வாளர் இதனைச் சோதித்தனர். 80 லேசர்களின் பணியை ஒரு சில்லே செய்தது. நொடிக்கு 44.2 டெராபிட் செய்தி சென்றதென 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர். டெராபிட் என்பது இலட்சம் கோடி பிட்டுகளாகும்.

எனினும், ஒரு லேசரின் ஒளி பல பற்களாகப் பிரிதலின் ஒவ்வொன்றும் மெலிந்திருக்கும். அதனைப் பெருக்கியே பயன்படுத்தல் வேண்டும். இக்குறையை நீக்க அறிஞர் முயன்று வருகின்றனர். மண்ணையும் கடலையும் அகழ்ந்து புதிய இழைகளைப் புதைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டும். உள்ள இழையிலேயே ஒளியை ஒழுங்குபடுத்தினால் அச்செலவு குறையும். இடம் சிறிதாயினும் ஒழுங்கு உண்டாயின் பயன் பெருகும் என்பதற்கு ஒளிச்சீப்பு நல்லதொரு சான்றாகும்.