உஷார்! பரீட்சை பயத்துக்கு ஹிப்னாடிசமா?

பப்ளிக் எக்ஸாம் நெருங்கிவிட்டது. டி.வி. கேபிளைக் கழற்றியாயிற்று. பிள்ளைக்கு ராத்திரியில் தூக்கமில்லை, காலையில் ஒரு வாய் இட்லி இறங்கவில்லை. மாடல் எக்ஸாமில் தெரிந்த கேள்விக்குக்கூட பதில் மறந்துபோனதாகச் சொல்லி அழுகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் யாராவது வந்து சொல்வார்கள்: "ஹிப்னாடிசம் பண்ணிப் பாருங்களேன். மூணே சிட்டிங், பயமெல்லாம் பறந்துடும்!"

கொஞ்சம் பொறுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அமெரிக்காவில், ஃப்ளோரிடா மாநிலத்தில், நார்த் போர்ட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மாணவி. 17 வயது. கல்லூரியில் சேர எழுதவேண்டிய எஸ்ஏடி தேர்வு என்றாலே அவளுக்குப் பதற்றம். ஹிப்னாடிசம் செய்து உதவ முன்வந்தவர் வெளியாள் இல்லை. அவள் படித்த பள்ளியின் முதல்வரே! பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தவர். ஹிப்னாடிசப் பயிற்சி எடுத்தவர். ஆனால் அதைச் சிகிச்சையாகச் செய்ய அந்த மாநிலச் சட்டம் கேட்கும் உரிமம் அவரிடம் இல்லை.

மதிப்பெண் ஏறவில்லை. பெண் உடைந்துபோனாள். 2011 மே மாதம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு மாதம் முன்னால், அதே பள்ளியின் 16 வயதுப் பையன் ஒருவனும் அப்படித்தான் போனான். முந்தின நாள்தான் முதல்வர் அவனை ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தியிருந்தார். அதற்கும் முந்தைய மாதம், விளையாட்டு வீரனான இன்னொரு மாணவன் ஓட்டிப்போன கார் சாலையை விட்டு விலகியது. அவனும் இறந்தான். தன்னைத் தானே ஹிப்னாடிசம் செய்துகொள்ளும் வித்தையை முதல்வர் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

மூன்று மாதம். மூன்று பிள்ளைகள்.

ஹிப்னாடிசம்தான் அவர்களைக் கொன்றது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஆனால் "இதை நிறுத்துங்கள்" என்று மேலதிகாரி ஒரு முறைக்கு மேல் சொல்லியும் முதல்வர் நிறுத்தவில்லை. மாணவர், ஊழியர் என்று 75 பேர் வரை அவர் முன்னால் கண்ணை மூடியிருக்கிறார்கள். 2012-ல் உரிமமில்லாமல் ஹிப்னாடிச சிகிச்சை செய்த வழக்கில் அவர் எதிர்த்து வாதாடவில்லை. ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு முடிந்தது. 2015-ல் பள்ளி நிர்வாகம் மூன்று குடும்பங்களுக்கும் தலா 2 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்!

ஹிப்னாடிசம் பில்லிசூனியம் இல்லை. அது தூக்கமும் இல்லை. மனம் ஒரே இடத்தில் குவிந்து, சொல்வதை எளிதில் ஏற்கும் நிலை, அவ்வளவுதான். 1840-களில் இந்தப் பெயரைப் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்டு என்ற டாக்டரே, கிரேக்கத் தூக்கக் கடவுளின் பெயரிலிருந்து வந்த இந்தச் சொல் தப்பான அர்த்தம் தருகிறதே என்று பிறகு வேறு பெயர் வைக்கப் பார்த்தார். வலிக்கும் பதற்றத்துக்கும் தேர்ந்த மருத்துவர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு ஆபத்து எங்கே? உட்காரவைக்கும் ஆளிடம்!

பரீட்சை பயம் பல நேரம் வெறும் மேல்மூடி. அடியில் மனச்சோர்வு இருக்கலாம். பள்ளியில் யாரோ கேலி செய்யலாம். வெளியே சொல்லமுடியாத ஏதோ நடந்திருக்கலாம். விவரம் தெரிந்தவர் முதலில் கேள்வி கேட்பார்: தூக்கம் எப்படி, பசி எப்படி, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றியதுண்டா? அரைகுறை ஆசாமி எடுத்த எடுப்பில் "கண்ணை மூடு" என்பார். அதுவும் பலிக்கவில்லை என்றால் பிள்ளை என்ன நினைக்கும்? "இதுகூட என்கிட்ட வேலை செய்யல. நான் எதுக்குமே லாயக்கில்லை." அந்த நினைப்புதான் பயங்கரம்.

"மார்க் ஏறும், கேரண்டி" என்கிறாரா? எழுந்து வந்துவிடுங்கள். படிக்காத பாடத்தை எந்த மயக்கமும் தலைக்குள் ஏற்றாது. "அம்மாகிட்ட சொல்லாதே" என்று பிள்ளையிடம் சொன்னாரா? அன்றோடு நிறுத்துங்கள். பிள்ளை சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். "சின்ன வயசில் என்ன நடந்தது என்று தோண்டி எடுக்கிறேன்" என்பவர் இன்னும் மோசம். ஹிப்னாடிசத்தில் நடக்காததும் நடந்ததாக மனதில் பதிந்துவிடும். காதில் ஏதோ கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று சொல்லும் பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம், நேரே மனநல மருத்துவர்தான்.

படிப்பு என்ன என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மனநல மருத்துவரா? இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுசெய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா? சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது வார இறுதிப் பயிற்சியின் சான்றிதழாகவும் இருக்கலாம். கேட்டால் கோபப்படுகிறாரா? அதுவே பதில்.

வீட்டிலும் கண் வையுங்கள். ஆசையாக வைத்திருந்த பொருளைத் தம்பிக்குத் தூக்கிக் கொடுப்பது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, திடீர் மௌனம்... நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். டெலிமனஸ் மனநல உதவி எண்: 14416. ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

சாதாரணப் படபடப்புதான் என்றால் ஒரு விஷயம் சொல்கிறேன். அந்த மூன்று பிள்ளைகளும் போன அதே 2011-ல், 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம், தங்கள் பயத்தையெல்லாம் தாளில் எழுதித் தீர்த்த பதற்றக்கார மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். போன வருஷ ரஃப் நோட்டில் வெற்றுப் பக்கம் மிச்சமிருக்கும். கிழித்துக் கொடுங்கள். என்ன எழுதினாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.