கைக்குழந்தையை காப்பகத்தில் சேர்க்கலாமா? பனியன் கம்பெனி தாய்மார் கவலை

திருப்பூர்: முதல் 2 பிரசவத்துக்கு தலா 26 வார விடுப்பு உண்டு. அது முடிந்து பனியன் கம்பெனிக்கு கிளம்பும் தாய், ஆறு மாசக் குழந்தையை யாரிடம் விடுவார்?

அங்கன்வாடியில் 2 வயது முடிந்தால்தான் சேர்ப்பார்கள். மத்திய அரசின் 'பால்னா' காப்பகம் என்றால் 6 மாதத்திலேயே சேர்க்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பகம் கட்டாயம். தாய் தினமும் 4 முறை போய் பார்க்கலாம்.

தனியார் காப்பகங்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கு. ஓடியாடும் பிள்ளைகள் பத்து பேரை ஒரு ஆயா சமாளிச்சிடுவார். கைக்குழந்தை அப்படியில்லை. ஒண்ணு பாலுக்கு அழும்போது இன்னொண்ணு ஈரத்துணியில் கிடக்கும். தனி ஆள் போட முடியாதவங்க 'முடியாது' என்று சொல்லிவிடுவதே மேல்.

சேர்க்கும் முன், சொல்லாமல் ஒருநாள் மத்தியானம் போய் பாருங்கள். தூங்கும் குழந்தைகள் மல்லாந்து கிடக்கணும். குப்புறப் போட்டிருந்தால் மூச்சுமுட்டும் ஆபத்து உண்டு, அங்கே விடாதீர்கள்.