ஈரமணலுக்குப் பாரம்தான் பலம்

நிவித்திகலப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டுகிறவர்கள், கல் கிடைக்கும் 'இல்லம்' படிவை எட்டுமுன் நீரில் ஊறிய மணலையும் களியையும் கடக்க வேண்டும். குழிச்சுவருக்கு மரச்சட்டம் கட்டி, அதன் பின்னால் கெக்கில்லப் பன்னத் தழையைச் செருகுவார்கள். தழை நீரைக் கசியவிடும், மணலை விடாது. நீரையும் மணலையும் இப்படிப் பிரித்து நடத்துவதில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. மணலின் பலம் பருக்கைகள் ஒன்றையொன்று அழுத்தி உராய்வதில்தான் உள்ளது. அந்த அழுத்தத்தைத் தருவது மேலே கிடக்கும் மண்ணின் பாரம். நீர் நிறைந்த மணல் ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 2 தொன். அதில் பாதியை நீரே தாங்கிவிடுவதால் பருக்கைகளுக்குக் கிடைப்பது 1 தொன்தான். பூமியதிர்ச்சியில் தளர்மணல் நெருங்கப் பார்க்கிறது. இடுக்கிலுள்ள நீருக்கு வெளியேற நேரமில்லை. அதன் அழுத்தம் ஏறி அந்த மிச்சப் பாரத்தையும் தானே சுமக்கிறது. பிடிப்பற்ற மணல் குழம்பாகிறது. 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடி வீடுகள் உடையாமலே சரிந்தது இதனால்தான். ஆனால் அதே நகரில் ஏறத்தாழ 3 மீற்றர் மண் கொட்டி உயர்த்திய இடம் அசையாமல் நின்றது.

அப்படியானால் மண்ணைக் கொட்டிக்கொண்டே போனால் போதுமா? போதாது. பாரம் கூடக்கூட மணலின் தாங்குதிறன் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. இலேசான பாரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விரியக்கூடிய பருக்கைகள், கடும் பாரத்தில் அப்படி ஏற முடியாமல் நெருங்கவே பார்க்கும். நெருங்கினால் நீரழுத்தம் ஏறும். 1971இல் கலிபோர்னியாவின் கீழ் சான் பெர்னாண்டோ அணை, தன் பாரத்தின் அடியிலிருந்த மணல் பூமியதிர்ச்சியில் குழைந்ததால் சரிந்தது.

இலங்கையில் அத்தகைய பூமியதிர்ச்சி அரிது, இது நமக்கெதற்கு என்று கேட்கலாம். மணலைக் குழையவைக்க அதிர்ச்சி தேவையில்லை. குழி தோண்டுவதே பாரத்தை எடுப்பதுதான். உள்ளே நீரை இறைக்க இறைக்க, வெளியிலுள்ள நீர் அடிமணலினூடே மேல்நோக்கிப் பாய்கிறது. ஒரு மீற்றர் மணலுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் நீர்மட்ட வேறுபாடு சேர்ந்தாலே பருக்கைகள் மிதக்கும். அடி கொதிப்பதுபோல் பொங்கும், சட்டத்தின் கால் பிடிமானம் இழக்கும். அந்த நேரத்தில் இறைப்பை விரைவாக்குவது மணலை இன்னும் தூக்கும். ஆட்களை வெளியேற்றி, குழியில் நீரை ஏறவிட்டால்தான் அடிமணல் மறுபடி இறுகும்.