முறுக்கும் எதிர்முறுக்கும்

இரண்டு முழங்கூட இல்லாத கற்றாழை நாரைக்கொண்டு, முடிச்சோ பசையோ இன்றிக் கிணற்றாழத்துக்குக் கயிறு திரிக்க முடிவது எவ்வாறு என்று சின்னமனூர் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். வாழையும் தென்னையும் செழித்த கம்பம் பள்ளத்தாக்கினருக்கு நார் இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை; ஆயினும் இக்கேள்வி சில தினங்களாக என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

உத்தமபாளையத்து வீட்டுத் திண்ணையில் என் பாட்டனார் கன்றுக்குத் தும்பு திரிப்பது வழக்கம். நனைத்த நாரை இரு புரியாகத் தொடைமீது வைத்து, உள்ளங்கையால் முழங்காலை நோக்கி உருட்டுவார். இரண்டும் தனித்தனியே முறுக்கேறியதும், ஒன்றாய்ச் சேர்த்து இடுப்பை நோக்கி உருட்டுவார். முறுக்கேறிய புரி ஒவ்வொன்றும் அவிழவே விழைகிறது. ஆனால், அவிழ்வதற்காக அது திரும்பும் திசையே மற்றப் புரியைத் தழுவி இறுகும் திசையுமாக அமைந்துவிடுவதால், அவிழ்க்கும் சக்தியே பிணைக்கும் சக்தியாகப் பரிணமிக்கிறது. புரி தீரும் தறுவாயில் புது நாரின் நுனியை உள்ளே செருகுவார். கயிற்றை இழுக்க இழுக்க முறுக்கானது நார்களை நெருக்கி அழுத்துகிறபடியால், உராய்வு மிகுந்து, அச்செருகல் நழுவுவதே இல்லை. கூடை முடைதலிலும், குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் மூங்கிற் பிளாச்சுகளை ஆணியின்றி நிறுத்துவது இந்த உராய்வுதான்.

பிரான்ஸ் தேசத்து ஆப்ரி து மாரா என்னுமிடத்தில், கல்லாயுதம் ஒன்றில் ஒட்டியிருந்த ஆறு மில்லிமீட்டர் நீளக் கயிற்றுத் துணுக்கைப் பற்றிய ஆராய்ச்சி 2020-இல் வெளியாயிற்று. 41,000 முதல் 52,000 ஆண்டுகளுக்கு முன், நியாண்டர்தால் மனிதர் ஊசியிலை மரத்தின் உட்பட்டை நாரால் திரித்த அக்கயிற்றில், மூன்று புரிகளும் ஒரு திசையில் முறுக்கப்பட்டு, பின்னர் எதிர்த்திசையில் பிணைக்கப்பட்டிருந்தன. பாட்டனார் கை போன வழியும் அதுவே.

இத்தனை புராதனமான வித்தையை நம் தலைமுறையில் கைவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஒருமுறை குலையீன்றதும் வாழை வெட்டுண்டு விழுகிறது. நார் நிறைந்த அதன் மட்டைகளை வரப்பில் அழுகவிட்டு, சீலையம்பட்டிச் சந்தைக்குப் போகும் பூவைத் தொடுக்க நூற்கண்டையும், தாரைக் கட்ட நைலான் கயிற்றையும் காசு கொடுத்து வாங்குகிறோம். நைலான் மண்ணில் மக்குவதில்லை. வைக்கோலோடு அதை விழுங்கும் மாட்டின் வயிற்றில் செரிப்பதுமில்லை.

வாசகி ஒன்று செய்து பார்க்கலாம். நிழலில் உலர்த்திய வாழைமட்டையில் இரு நார் கிழித்து, நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நார் வளைக்கையில் ஒடியும், நனைந்தது இணங்கும். தொடைமீது முன்னே உருட்டி, இணைத்துப் பின்னே உருட்டி, ஒரு நுனியைக் கைவிட்டுப் பாருங்கள்: சற்றே துள்ளிவிட்டு, அவிழாமல் அப்படியே கிடக்கும்.