முழவும் திரையும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயின்றோர், இளங்கோவடிகள் தண்ணுமையாசிரியனுக்கு அளித்துள்ள இடத்தை மறவார். ஆடலாசான், இசையாசிரியன், நன்னூற் புலவன், குழலோன், யாழோன் ஆகியோருடன் முழவோனையும் ஒருவனாக நிறுத்தி, அவனுக்கு வேண்டிய தகுதிகளைத் தனியே வகுத்துரைக்கின்றார் அடிகள். தொல்காப்பியரோ ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணினார். இத்துணைச் சிறப்புப் பெற்ற முழவோன், பிற்காலத்தில் பாடுவோனுக்கும் ஆடுவோனுக்கும் பின்னே சென்று அமர்ந்துவிட்டான். அவனை மீண்டும் நம் கண்முன் கொணர்ந்து நிறுத்தும் ஆற்றல் திரைப்படத்துக்கு வாய்த்தது. எனினும் அத்திரை எந்த முழவோனைக் கண்டது, எவனைக் காணாது விட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் இலங்கையிலிருந்தே தொடங்குவோம். 1934ஆம் ஆண்டில் பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் ‘சோங் ஒவ் சிலோன்’ என்ற ஆவணப்படத்தை உருவாக்கினார். அதனைத் தயாரித்தவர் யோன் கிரியர்சன். பொருளுதவி செய்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. 1681இல் வெளிவந்த ரொபட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த பகுதிகளை, கலைஞர் லயனல் வென்ட் அப்படத்திற் படிக்கின்றார். நான்கு பகுதிகளைக் கொண்ட அப்படம் கண்டி நடனத்தோடும் அதன் மேள முழக்கத்தோடும் உச்சம் அடைகின்றது. 1935இல் பிரசெல்ஸ் நகரத் திரைப்பட விழாவில் அது முதற்பரிசும் பெற்றது. கண்டி மேளத்தின் கம்பீரத்தை அப்படத்திற் கண்டோர் மறவார். ஆயினும் தேயிலையின் பணத்தால் எழுந்த படத்தில் முழவுக்குரிய பெருமையிடம், தேயிலைத் தோட்டத்தை நாள்தோறும் துயிலெழுப்பிய தப்புக்குக் கிட்டவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனிக் கடல் கடந்து செல்வோம். 1967 யூன் மாதம் கலிபோர்னியாவிலுள்ள மொன்ரரே என்னும் ஊரில் மாபெரும் இசைவிழா ஒன்று நடந்தது. அதனைப் பென்னிபேக்கர் என்பவர் படமாக்கி 1968இல் வெளியிட்டார். அப்படத்தின் நிறைவுப் பகுதி பண்டிதர் ரவிசங்கரின் சித்தார் இசைக்கும் உஸ்தாத் அல்லா ரக்காவின் தபேலாவுக்கும் உரியது. ஏறத்தாழ 18 நிமிடம் நிகழும் அப்பகுதியில், முதலிற் கேட்போரின் முகங்களே காட்டப்படுகின்றன. இசைப்போரை நெடுநேரம் கழித்தே காண்கின்றோம். ஒலி முன்னே வர, உருவம் பின்னே வருகின்றது. சித்தாரின் வினாவுக்குத் தபேலா விடை பகரும்போது, முழவு பக்கவாத்தியம் என்ற எண்ணமே நம் நெஞ்சை விட்டு அகன்றுவிடுகின்றது. அவ்விருவரும் 1971 ஆகஸ்டு முதலாந் திகதி, அல்லலுற்ற வங்க மக்களுக்காக நியூயோர்க்கில் நடந்த இசையரங்கிலும் தோன்றினர். அதுவும் அடுத்த ஆண்டே திரைப்படமாயிற்று. பஞ்சாப் தாள மரபில் வந்த ஒருவரின் விரல்நுனியை உலகெங்கும் உள்ளோர் அணுகிக் காணும் பேறு இவ்வாறு கிட்டியது.

இன்றைய இளைஞர் விரும்பிக் கேட்கும் ‘ஹெவி மெற்றல்’ என்னும் வல்லோசை இசையிலும் முழவோனுக்குத் திரையில் இடமுண்டு. டென்மார்க்கிற் பிறந்த லார்ஸ் உல்ரிக், 1981இல் அமெரிக்காவில் எழுந்த ‘மெற்றாலிக்கா’ குழுவைத் தொடங்கியோருள் ஒருவர், அதன் முழவோர். அக்குழுவின் இசைத்தட்டு ஒன்று உருவான கதையை 1992இல் வந்த ஆவணப்படம் கூறுகின்றது. 2013இல் வந்த படத்தில் இசையரங்கும் புனைகதையும் கலந்துள்ளன. இவற்றினும் ஆழமானது 2004இல் வந்த ‘சம் கைண்ட் ஒவ் மொன்ஸ்ரர்’. குழுவினருள் எழுந்த பூசலையும் மனமுறிவையும் அப்படம் மறைக்காமற் காட்டுகின்றது. அதில் ஒரு காட்சி ஆசிரியராகிய நம்மனோர் மனத்தை ஈர்ப்பது. மைந்தன் தம் புதிய ஒலிப்பதிவைத் தந்தைக்குக் கேட்பிக்கின்றார். டெனிஸ் வீரராகப் புகழ்பெற்ற, நரைத்த நெடுந்தாடியுடைய அம்முதியவர், அதனை நீக்கிவிடுதலே நன்று என்று சிறிதும் தயங்காது கூறிவிடுகின்றார். உலகப் புகழ் பெற்ற மைந்தன் அவ்விடத்தில் மாணாக்கனாகி நிற்கின்றான். முழவோனை வெறும் கையும் கோலுமாகக் காட்டாது, ஒருவர்க்கு மகனாகவும் நண்பர்க்குப் பகையாகவும், அஞ்சுவோனாகவும் ஆசையுடையோனாகவும் காட்டியமையே அப்படத்தின் சிறப்பு.

தமிழரின் பறைக்கு அத்தகைய மதிப்பு நெடுங்காலம் கிட்டவில்லை. அதன் தோலோடு சாதியிழிவும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தமையே காரணம். சோயி செரீனியன் என்னும் அமெரிக்க இசையியலறிஞர், தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பறைக் கலைஞரிடம் மாணாக்கராய் அமர்ந்து பயின்று, 2011இல் ஓர் ஆவணப்படம் வெளியிட்டார். ‘இஃது இசையே’ என்று பொருள்படும் அதன் தலைப்பே ஒரு வழக்குரையாகும். இசை என்று நிறுவவேண்டிய தேவை மிருதங்கத்துக்கோ தபேலாவுக்கோ நேர்ந்ததில்லை; பறைக்கு நேர்ந்தது. தலைப்பினுள்ளே அடங்கிய துயரம் அதுவே.

கந்தப்பளையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. மலையகத்தின் வைகறையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்தது தப்பு. காமன் கூத்தில் மதனையும் ரதியையும் ஆடச் செய்தது அது. பிணத்தின் முன்னே நடந்து வழியனுப்பியதும் அது. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் ஆங்கிலப் பாடலில் அதன் ஒலியைப் பதித்துவைத்தார். பனி மூடிய இம்மலையில் ஈரமேறித் தளர்ந்த தோலைத் தீயிற் காய்ச்சி, ஒரு கையில் மெல்லிய நெடுங்குச்சியும் மறுகையில் தடித்த குறுங்குச்சியுமாக நிற்கும் கலைஞன், இன்ன நிகழ்ச்சிக்கு இன்ன அடி என்ற இலக்கணத்தை ஏட்டிற் கல்லாது செவியாற் கற்றவன்.

அவன் மகன் அக்குச்சியைத் தொட மறுப்பானாயின், அவனைப் பழித்தல் தகாது. கூலியின்றியும் மதிப்பின்றியும் இன்னார் மட்டுமே அடிக்கவேண்டும் என்று விதித்த ஒன்றை மறுப்பதும் மானமுடைமையே. தப்பைக் காக்க விரும்புவோர் முதலில் அவ்விதியை அழித்தல்வேண்டும். எவர் வீட்டுப் பிள்ளையும் பள்ளி அரங்கில் தப்பை ஏந்தும் நாளில், அது ஒரு சாதியின் சுமையாக இராது. ஒரு மக்களின் இசையாகும்.

மாணாக்கரே! உங்கள் கையிலுள்ள தொலைபேசியே இன்று படக்கருவியாக இருக்கின்றது. உங்கள் தோட்டத்து முதியவரிடம் சென்று, அவர் இசைவு பெற்று, அடிகளைப் பதிவுசெய்யுங்கள். ஒவ்வோர் அடியின் பெயரையும், அது ஒலிக்கும் வேளையையும் கேட்டெழுதுங்கள். திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் தெரியும் இரண்டு கைகளாக மட்டும் அவரைப் படம் பிடியாதீர்கள். அவர் முகம் தெரியட்டும். அவர் தம் வாழ்வைத் தம் வாயாற் கூறட்டும். படத்தின் தொடக்கத்தில், எல்லாருக்கும் முன்னதாக, அவர் பெயரை எழுதுங்கள்.