கதைப் புத்தகத்துக்குள்ள நம்ம வீட்டுப் பேச்சு



சேமிப்பு, சந்தா, கடன் தவணை, வங்கி இணைப்பு என்று மாதாமாதம் இந்த இதழில் பேசி வருகிறோம். இந்த முறை ஒரு மாறுதலுக்குக் கதைப் புத்தகம் பற்றிப் பேசுவோம்.

"ஏனுங்க, காட்டு வேலை, மாட்டு வேலை, மில்லு வேலைன்னு ஓடறதுக்கே பொழுது பத்தல. இதுல கதை எங்கீங்க படிக்கறது?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனால் கதை என்றால் ஆசையாகப் படிக்கிற உறுப்பினர்களும் நம் குழுக்களில் உண்டு. நூலகத்தில் எடுத்த நாவலைப் பாஸ்புக்கோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டே கூட்டத்துக்கு வருவார்கள். "அந்த மருமக கடைசியில என்ன ஆனாள்னு தெரியாம தூக்கம் வரலீங்க" என்பார்கள். அவர்கள் தேடித் தேடிப் படிப்பது பெரும்பாலும் குடும்பக் கதைகள்தான். மாமியார் மருமகள், அண்ணன் தம்பி, புருஷன் பொண்டாட்டி, பங்காளிச் சண்டை, பாகப்பிரிவினை, பெண் பார்ப்பது, குழந்தை இல்லாத கவலை ஆகியவைதான் அவற்றில் வரும்.

இந்த ஆசை வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம். ஏன் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்குகிறோம்.

சீரியலுக்கும் நாவலுக்கும் என்ன வித்தியாசம்?

குடும்பக் கதைதானே, டிவியில் தினமும் வருகிறதே என்று தோன்றும். பெரும்பாலான சீரியலில் ஒரு கெட்டவள் இருப்பாள், ஒரு நல்லவள் இருப்பாள். கெட்டவள் திட்டம் போடுவாள், நல்லவள் அழுவாள். நல்ல நாவலில் அப்படி இருக்காது. மாமியார் ஏன் அப்படிப் பேசுகிறாள், அவள் இளம் வயதில் என்ன பட்டாள் என்பதும் வரும். மருமகள் பக்க நியாயமும் வரும். எத்தனை ஏக்கர், எவ்வளவு கடன், யார் பேரில் பட்டா என்பதும் வரும். பாதிக் குடும்பச் சண்டைக்கு அடியில் நிலமும் பணமும் இருப்பது நமக்குத் தெரியாததா?

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டுக் கதையைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. "ஊட்டு விஷயம் வெளிய போகக் கூடாது" என்றே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கதையில் வரும் பெண்ணின் கஷ்டத்தை யார் வேண்டுமானாலும் பேசலாம். யார் மானமும் போகாது. அப்படிப் பேசும்போதே நம் வீட்டுக்கு வேண்டிய பதிலும் கிடைத்துவிடும்.

நம்ம ஊர் நாகம்மாள்

நம் கொங்கு நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தாராபுரம் பக்கத்துக் கீரனூரைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் 'நாகம்மாள்' என்ற நாவலை எழுதினார். தமிழில் வந்த முதல் வட்டார நாவல் என்று இதைப் பலரும் சொல்கிறார்கள். நாம் பேசும் பேச்சு, நம் காடு தோட்டம், நம் சந்தை எல்லாம் அதில் இருக்கின்றன.

நாகம்மாள் கணவனை இழந்தவள். கையில் ஒரு பெண் குழந்தை. கொழுந்தனார் சின்னப்பன், அவர் மனைவி காளியம்மாள் ஆகியோரோடு ஒரே குடும்பமாக இருக்கிறாள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால், "இந்தப் பூமியில் என் புருஷன் பங்கு எங்கே?" என்ற எண்ணம் அவள் மனதில் வருகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் லாபத்துக்காக அதைத் தூண்டிவிடுகிறார்கள். பேச்சு முற்றிச் சண்டையாகி, கடைசியில் ஓர் உயிரே போகிறது.

இந்தக் கதையைக் குழுவில் சொன்னால் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "ஒத்துமையா இருந்த குடும்பத்தை அவதான் கெடுத்தா" என்று ஒரு பக்கம் பேசும். "புருஷன் பங்கைக் கேக்கறது தப்பா? பொண்ணை எப்படிக் கரையேத்துவா?" என்று மறுபக்கம் கேட்கும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நாகம்மாள் கேட்டதில் தப்பில்லை. யாரை நம்பிக் கேட்டாள், எந்த வழியில் கேட்டாள் என்பதில்தான் ஆபத்து. அவளுக்கு நேரான வழி அன்று இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

1937-ல் வந்த ஒரு சட்டம், விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் பங்கைக் கொடுத்தது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது அப்போது பொருந்தவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் விவசாய நிலத்துக்கும் அதை நீட்டித்தார்கள். ஆக, 1942-ல் நாகம்மாளின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

இன்று நாகம்மாள் இருந்தால்?

இன்று பதில் இருக்கிறது. இந்து குடும்பங்களுக்கான சட்டத்தைச் சுருக்கமாகத் தருகிறோம். மற்ற மதத்தினருக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

• 1956 இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவன் இறந்தால் அவர் பங்கு மனைவி, மகன், மகள், கணவனின் தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். மனைவிக்கு வருவது முழு உரிமை. ஆயுள் வரைக்கும் மட்டும் என்பது இல்லை.

• 1989-ல் தமிழ்நாடு அரசு ஒரு திருத்தம் கொண்டு வந்தது. அதற்கு முன் திருமணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்பிள்ளைக்குச் சமமான உரிமை கிடைத்தது.

• 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்தது. திருமணம் ஆன மகளுக்கும் அதே உரிமை உண்டு என்று ஆனது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடித்த சொத்தை இதை வைத்துத் திரும்பக் கிளற முடியாது.

• 2020-ல் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று தெளிவுபடுத்தியது. மகளுக்கு இது பிறப்பால் வரும் உரிமை.

சட்டம் இப்படி இருக்க, நடப்பு என்ன? "சீரு செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, அப்பறம் என்ன பங்கு?" என்பதே நம் பக்கத்துப் பேச்சு. அண்ணன் கூப்பிட்டால் பத்திர ஆபீசுக்குப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு சேலையோடு திரும்பி வருகிறோம். பொறந்தவன் உறவு வேண்டும், அம்மா வீட்டு வாசற்படி வேண்டும் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் உண்மையானது. அதைக் கேலி செய்ய மாட்டோம். விட்டுக்கொடுப்பதும் உங்கள் உரிமைதான். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம், எவ்வளவு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். படிக்காத பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

பெண் கிடைக்காத மாப்பிள்ளை

இன்றைய எழுத்தாளர்களில் நம் பக்கத்துக் குடும்பங்களைப் பற்றி நிறைய எழுதியவர் திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன். அவருடைய நான்கு நாவல்களைச் சொல்கிறோம்.

'கங்கணம்' நாவலில் மாரிமுத்து என்ற விவசாயிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, பெண் கிடைக்கவில்லை. காடு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, தரகர்கள் வந்து போகிறார்கள். இன்று எந்த ஊரில் இப்படி நான்கு மாப்பிள்ளைகள் இல்லை? படிக்கும்போது சிரிப்பு வரும், பிறகு நெஞ்சு அடைக்கும். பெண் பிள்ளை வேண்டாம் என்று ஒரு தலைமுறை செய்ததை அடுத்த தலைமுறை அனுபவிக்கிறது. அரசாங்கம் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கு எதிரான சட்டம் 1994-ல் வந்தது. சட்டம் சொல்லிப் புரியாதது, மாரிமுத்துவின் அலைச்சலைப் படித்தால் புரிகிறது.

'ஆளண்டாப் பட்சி' 2012-ல் வந்தது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள். கடைசித் தம்பி முத்துவுக்குச் சரியான பங்கு இல்லை. மனைவி பெருமா, "இனி இந்த இடத்தில் இருக்க மாட்டேன்" என்று உறுதியாக நிற்கிறாள். அவன் புது நிலம் தேடி வண்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறான். இதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023-ல் ஜேசிபி பரிசு கிடைத்தது. ஒரு கொங்குப் பண்ணயக் குடும்பத்தின் பாகப்பிரிவினை நாடு முழுக்கப் பேசப்பட்டது.

'பூக்குழி' 2013-ல் வந்தது. சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன், வேறு சாதியைச் சேர்ந்த சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வருகிறான். மாமியாரும் ஊரும் அவளை எப்படி நடத்துகிறார்கள் என்பதே கதை. கதை முடிந்த பிறகும், "அந்த மாமியார் இடத்துல நாம இருந்தா என்ன செஞ்சிருப்போம்?" என்ற கேள்வி நம்மை விடாது.

'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. காளி, பொன்னா என்ற குழந்தையில்லாத தம்பதியின் கதை. இதற்கு நம் பக்கத்திலேயே பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் எழுதுவதையே நிறுத்துவதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பிறகு திரும்ப எழுத வந்தார். இந்த நாவலைப் படிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் அதில் உள்ள ஒரு வேதனை நமக்குத் தெரிந்ததுதான். குழந்தை இல்லை என்றால் விசேஷ வீட்டில் அந்தப் பெண்ணை ஒதுக்குகிறோம், ஜாடை பேசுகிறோம். காரணம் ஆணிடமும் இருக்கலாம், இருவரும்தான் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஜாடை பேசுவது சில நேரம் நம் வாயாகவும் இருக்கிறது என்பதை யோசிப்போம்.

பெண்கள் எழுதினால்?

கோயம்புத்தூரில் பிறந்த அம்பை, 2021-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்றவர். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். பெரிய வீடு, ஆனால் சமையலறை மட்டும் வசதியில்லாத ஒரு மூலையில். அதைக் கொஞ்சம் மாற்றிக் கட்டலாமே என்று மருமகள் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் அந்த மூலையின் அதிகாரம்தான் போட்டி. அதற்கு வெளியே இருக்கும் உலகம் கண்ணில் படுவதே இல்லை. கதை நடப்பது ராஜஸ்தானில், ஆனால் அடுப்படி நம்முடையதுதான்.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். சின்ன வயதிலேயே பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டாருக்குத் தெரியாமல் எழுதினார். 2001 உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் ஆனார். 2004-ல் வந்த அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' முஸ்லிம் குடும்பப் பெண்களின் வாழ்க்கையைச் சொல்கிறது. 2025-ல் அவர் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார்.

பக்கத்துக் கர்நாடகத்தில் பானு முஷ்தாக் என்ற வழக்கறிஞர், முஸ்லிம் குடும்பப் பெண்களைப் பற்றிக் கன்னடத்தில் எழுதிய சிறுகதைகள் ஆங்கிலத்துக்குப் போயின. 2025-ல் அவற்றுக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. "பொம்பளைங்க ஊட்டுக் கதையில என்ன இருக்குது?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

குழுவில் எப்படிப் படிப்பது?

1. சேமிப்பு, கடன் வேலை முடிந்த பிறகு 15 நிமிடம் ஒதுக்குங்கள். தொடங்குவதற்குச் சிறுகதை நல்லது.

2. எழுத்துத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். எழுத்துத் தெரியாதவர் கேட்கட்டும். கதைக்குக் காதுதான் முக்கியம். அப்பிச்சியும் அம்மிச்சியும் புத்தகத்தைப் பார்த்தா நமக்குக் கதை சொன்னார்கள்?

3. படித்து முடித்ததும் மூன்று கேள்வி போதும். யார் பக்கம் நியாயம்? அவளுக்கு வேறு வழி இருந்ததா? இன்று நம் ஊரில் நடந்தால் குழு என்ன செய்யும்?

4. "இது அவிங்க ஊட்டுக் கதை மாதிரியே இருக்குது" என்று உறுப்பினர் யாரையும் சுட்டிக் காட்டக் கூடாது. கதையில் வரும் பெண்ணைப் பற்றி மட்டும் பேசுவோம். இது கட்டாய விதி.

5. தானாக முன்வந்து ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால், அது கூட்டத்தைத் தாண்டி வெளியே போகக் கூடாது. அடி உதை, மிரட்டல் என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்க உதவுங்கள்.

6. கதையில் வருவது சட்டம் ஆகாது. கதை கேள்வியை எழுப்பும். பதிலுக்கு விவரம் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

புத்தகத்துக்குப் பணம் செலவு செய்ய வேண்டியதில்லை. பக்கத்து அரசு நூலகத்தில் உறுப்பினர் ஆனால் வீட்டுக்கே எடுத்து வரலாம். கேட்கும் புத்தகம் இல்லை என்றால் நூலகரிடம் சொல்லி வையுங்கள்.

நாகம்மாளுக்கு உட்கார்ந்து யோசனை கேட்க ஒரு குழு இருக்கவில்லை. தூண்டிவிடுகிறவர்கள்தான் இருந்தார்கள். நமக்குக் குழு இருக்கிறது, வாராவாரம் கூடுகிறோம். பத்திர ஆபீசுக்குப் போகும் முன்பும், பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் முன்பும் வந்து கேட்கிற இடமாக அது இருக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்கக் கதைப் புத்தகம் ஒரு நல்ல சாக்கு. அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் "கதை வாசிப்பு – 15 நிமிடம்" என்று சேர்த்து, தீர்மான நோட்டில் எழுதுங்கள். எந்தக் கதை படித்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.