உறையாத தயிர்ச்சட்டி

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் எருமைத் தயிரை மண்சட்டியோடுதான் வாங்குவோம். நல்ல தயிர் என்றால் சட்டியைச் சரித்தாலும் அசையாது. ஒருநாள் அது உறையாமல் நீராகக் கிடந்தால் உறைமோர் பழுது என்போம், பாலில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்போம். அப்படியும் இருக்கலாம். ஆனால் மடிநோய் கண்ட மாட்டுக்குச் சில நாளுக்கு முன் பெனிசிலின் ஏற்றியிருந்தாலும் இதுவே நடக்கும்.

பாலைத் தயிராக்குபவை உறைமோரிலுள்ள பற்றீரியாக்கள். அவை பாலின் சீனியை உண்டு அமிலத்தை விடுகின்றன; புளிப்பு ஏற ஏறப் பாலின் புரதம் பிணைந்து கட்டியாகிறது. பெனிசிலின் சும்மா கிடக்கும் பற்றீரியாவை அவ்வளவாகத் தொடாது. வளர்வதைத்தான் கொல்லும். பற்றீரியா இரண்டாகப் பிரியும்போது தன் வெளிச்சுவரைப் புதிதாகப் பின்ன வேண்டும். அந்தப் பின்னலை முடிச்சுப் போடும் நொதியைப் பெனிசிலின் பிடித்துக்கொள்கிறது. சுவர் நலிந்து, உள்ளழுத்தம் தாங்காமல் உயிர் வெடித்துப்போகிறது. இளஞ்சூட்டுப் பாலில் உறைமோர் முழு வேகத்தில் பெருகும் நேரத்தைவிட பெனிசிலினுக்கு வாய்ப்பான நேரம் வேறில்லை.

நமது கலங்களுக்கு அப்படியொரு சுவரே இல்லை; அதனால் பெனிசிலின் அவற்றை இப்படித் தாக்குவதில்லை. மருந்து கலந்த பாலின் நிறமும் மணமும் சுவையும்கூட மாறுவதில்லை. பாலில் பெனிசிலினுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த எல்லை கிலோவுக்கு 4 மைக்கிரோகிராம். ஒரு கிராம் மருந்து இரண்டரை இலட்சம் லீற்றர் பாலை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதும்! நாக்கு அறியாத சொற்ப மருந்தையும் உறைமோர் அறிந்துவிடக்கூடும் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாட்டு மடிக்குப் பெனிசிலின் வந்தபோது, மேல்நாட்டுச் சீஸ் தயாரிப்பாளர்களும் தங்கள் பால் புளிக்காமல் நிற்பதைக் கண்டு தவித்தார்கள். இன்றைய பரிசோதனையொன்று பற்றீரியாக்களின் அதே பலவீனத்தைப் பயன்படுத்துகிறது. வெப்பம் விரும்பும் ஒரு பற்றீரியாவைப் பாலோடு 64 பாகை செல்சியசில் வைப்பார்கள். அது பெருகினால், அதில் சேர்த்த ஊதா நிறங்காட்டி புளிப்பால் மஞ்சளாகும். ஊதாவாகவே நின்றால் பாலில் மருந்து இருக்கிறது.

தயிர் உறைந்துவிட்டது என்பதற்காகப் பால் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. பல மாடுகளின் பால் கலக்கும்போது மருந்து ஐதாகிவிடும். உறைமோர் தாங்கிக்கொள்ளும் மருந்துகளும் உண்டு. காய்ச்சினாலும் பெனிசிலினின் பெரும்பகுதி அழியாது. ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து. மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரவும் அது வழிவிடும்.

ஒரு காம்பில் ஏற்றிய மருந்து இரத்தத்தோடு மற்றக் காம்புகளுக்கும் போகும். ஆகவே நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். கன்றுக்கும் அதைக் கொடுக்கக்கூடாது. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு. பாலை வாங்குகிறவர்களும் அதில் பங்கேற்பதுதான் நியாயம். மருந்து ஏற்றிய மாட்டின் பின்காலில் நிறத்துணி கட்டி, அதைக் கடைசியாகக் கறக்கலாம். துணியை எந்த நாளில் அவிழ்ப்பது என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்து ஏற்றிய அன்றே கால்நடை வைத்தியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.